கிளட்ச் கெட்டது யாரால்?

எஸ்பிஎம் தேர்வு முடிந்து நான் வீட்டில் இருந்த நேரம் அது. எங்கள் வீடு நெகிரி செம்பிலானில், ரந்தாவுக்கும் லிங்கிக்கும் இடையில் உள்ள ஒரு தோட்டத்தில் இருக்கிறது. தாத்தா காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. சிறுதோட்டக்காரர்களிடமிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றிச் சென்று கொள்முதல் நிலையத்தில் இறக்குவது அப்பாவின் வேலை. அதற்கு அவரிடம் இருப்பது ஒரே ஒரு வண்டி. என்னைவிட வயதில் மூத்த டொயோட்டா ஹைலக்ஸ், 2.4 லிட்டர் டீசல்.

அந்த வண்டியில் ரிவர்ஸ் கியர் போடும்போதெல்லாம் ‘கரகர’வென்று பற்கள் உரசும் சத்தம் கேட்கத் தொடங்கியது. கிளட்சை முழுவதும் மிதித்திருந்தாலும் வண்டி மெல்ல நகர்ந்தது. பட்டணத்தில் ஒரு பட்டறையில் காட்டினோம். அதே பட்டறையில்தான் சில மாதங்களுக்கு முன் கிளட்ச் பிளேட் மாற்றியிருந்தோம். “கியர்பாக்ஸை இறக்கி மறுபடியும் முழு செட்டாக மாற்றவேண்டும், கூலியோடு 900 வெள்ளி ஆகும்” என்றார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. வணிகச் சரக்கு வாகனங்களை 6 மாதத்திற்கு ஒரு முறை சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் முறை நெருங்கிக்கொண்டிருந்தது. சோதனையில் தேறாவிட்டால் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. சாலை வரி இல்லையென்றால் அப்பாவுக்கு வேலையும் இல்லை.

வழுக்குகிறதா, விட மறுக்கிறதா?

தோட்டப் பட்டறையில் லாரிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார். அவர் வந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “சாமான் வாங்கறது சுலபம், தம்பி. எது கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்கணும்.”

கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்பதையும் அவரே விளக்கினார். எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரத்தின் பெயர் ஃபிளைவீல். அதற்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் உராய்வுத் தட்டு இருக்கிறது. ஸ்பிரிங்கின் அழுத்தம் மூன்றையும் ஒன்றாகப் பிடித்து வைப்பதால் எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போகிறது. நாம் கிளட்சை மிதித்தால் அந்தப் பிடி தளர்கிறது.

ஆகவே கிளட்ச் கோளாறு என்பது பெரும்பாலும் இரண்டே வகைதான். பிடிக்க வேண்டிய நேரத்தில் வழுக்குவது ஒன்று. விட வேண்டிய நேரத்தில் விட மறுப்பது மற்றொன்று. இரண்டுக்கும் காரணங்கள் வேறு.

மாமா முதலில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துக் கைப்பிரேக்கை இழுத்தார். மூன்றாம் கியரைப் போட்டுக் கிளட்சை மெதுவாக விட்டதும் எஞ்சின் திணறி நின்றுபோனது. தட்டு தேய்ந்து வழுக்கியிருந்தால் எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அப்படியென்றால் தட்டு நன்றாகத்தான் பிடிக்கிறது.

அடுத்து, கிளட்சை நான்கைந்து முறை வேகமாக மிதித்துவிட்டு ரிவர்ஸ் போடச் சொன்னார். சத்தம் வெகுவாகக் குறைந்தது. “தட்டுல கோளாறு இருந்தா மிதிக்க மிதிக்கச் சரியாகுமா? இது எண்ணெய்ப் பக்கம்” என்றார் மாமா.

படிவம் 5 பாடம்

ஐந்தாம் படிவ இயற்பியலில் பாஸ்கல் தத்துவம் படித்திருப்பீர்கள். மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின் மீது தரப்படும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். கிளட்சை மிதிக்கும்போது மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளுகிறது. கீழே கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் சிலேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தை வாங்கி நெம்புகோலைத் தள்ளுகிறது.

எங்கள் வண்டியில் மாஸ்டரின் உள்விட்டம் 5/8 அங்குலம், சிலேவின் உள்விட்டம் 3/4 அங்குலம். பரப்பளவு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் விசை 1.44 மடங்காகிறது. அதற்கு ஈடாக, நகரும் தூரம் அதே அளவில் குறைகிறது. இந்த அமைப்பில் வீணாக்குவதற்குத் தூரம் மிச்சமில்லை. எண்ணெயில் காற்று கலந்தாலோ ரப்பர் கசிந்தாலோ மிதித்த தூரத்தில் ஒரு பகுதி வீணாகும். தட்டு முழுவதும் விடுபடாது. ஹைலக்ஸின் கிளட்ச் இப்படி விடுபடாதபோது முதலில் சத்தம் போடுவது ரிவர்ஸ்தான். முன்னோக்கிய கியர்களில் வேகத்தைச் சமப்படுத்தும் வளையங்கள் உண்டு, ரிவர்ஸில் இல்லை.

இதையெல்லாம் தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆனால் அது எங்கள் வண்டிக்குள் இருக்கிறது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

டப்பாவைத் திறந்தபோது

மாமா கிளட்ச் எண்ணெய் டப்பாவைத் திறந்தார். மூடிக்குள் இருந்த ரப்பர் ஊறி உப்பிப்போயிருந்தது. மேலே கறுத்த எண்ணெய் மிதந்தது. “யாரோ எஞ்சின் எண்ணெயை ஊத்தியிருக்காங்க” என்றார்.

“அந்தப் பட்டறைக்காரங்க வேலையாத்தான் இருக்கும்” என்று அப்பா கோபத்தோடு சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஊற்றியது நான்தான். இரண்டு மாதங்களுக்கு முன் வண்டியைக் கழுவியபோது டப்பாவில் எண்ணெய் குறைவாக இருந்ததைப் பார்த்தேன். அப்பாவுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, கொட்டகையில் மிச்சம் இருந்த எஞ்சின் எண்ணெயை ஊற்றி நிரப்பினேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பட்டறைக்காரர்கள் மேல் பழி விழுந்தது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. அன்று பிரேக் எண்ணெய் டப்பாவையும் திறந்து பார்த்தேன். அதிலும் ஊற்றினேனா? நினைவில்லை. விடிந்ததும் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு குலை ஏற்றப் போவதாக இருந்தார். சரிவான மண் பாதையில், பாரத்தோடு.

விடியற்காலை 5 மணிக்கு அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை.

“பிரேக்லயும் ஊத்தினியா?” என்று மட்டும் கேட்டார்.

“தெரியலப்பா.”

கையில் இருந்த சாவியை மேசை மேல் வைத்துவிட்டார். அன்று வண்டி எடுக்கவில்லை. ஒரு நாள் கூலி போயிற்று.

ஒரு குவளைத் தண்ணீர்

பொழுது விடிந்ததும் மாமா இரண்டு கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். டாட் 3 வகைப் பிரேக் எண்ணெய் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது, தண்ணீரில் கலந்துவிடும். எஞ்சின் எண்ணெய் பெட்ரோலியத்திலிருந்து வருவது, தண்ணீரில் மிதக்கும். ஊசிக் குழாயால் இரண்டு டப்பாக்களிலிருந்தும் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் விட்டோம். கிளட்ச் எண்ணெய் படலமாக மிதந்தது. பிரேக் எண்ணெய் சுவடே தெரியாமல் கரைந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. அந்தக் குவளைகளை மாமா மறுபடி வீட்டுக்குள் கொண்டுபோக விடவில்லை. பிரேக் எண்ணெய் விஷம்; சாயத்தின் மேல் பட்டால் அதையும் அரித்துவிடும்.

எஞ்சின் எண்ணெய் ஏன் அந்த ரப்பரைக் கெடுத்தது? ‘ஒத்தது ஒத்ததில் கரையும்’ என்று வேதியியலில் படிக்கிறோம். பிரேக், கிளட்ச் சிலிண்டர்களில் உள்ள ரப்பர் கிளைக்காலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. பெட்ரோலிய எண்ணெய் அதற்குள் புகுந்து ஊறி, உப்பவைத்து, மென்மையாக்கிவிடும். திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தாவுக்கு வேதியியல் தெரியாது. ஆனால் பால் வெட்டிய கை அவருடையது. “ரப்பருக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஆகாதுன்னு என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்றார்.

மாஸ்டர், சிலேவ் இரண்டையும் கழற்றினோம். வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தவில்லை. இரும்புத் தாங்கிகளை வைத்த பிறகுதான் மாமா என்னை அடியில் போக விட்டார். உள்ளே ரப்பர் கப்புகள் உருக்குலைந்திருந்தன. சிலேவில் கசிந்த தடமும் தெரிந்தது. டப்பாவில் எண்ணெய் முதலில் குறைந்ததற்கு அதுதான் காரணம். எண்ணெய் குறைந்தால் ஊற்றுவதோடு விட்டுவிடாமல், எங்கே போகிறது என்று தேட வேண்டும் என்பதையும் அங்கேதான் கற்றேன்.

குழாயை நன்றாகக் கழுவி, இரண்டு ரப்பர் செட்டும் ரப்பர் ஹோஸும் புதிதாகப் போட்டு, டாட் 3 ஊற்றினோம். பிறகு காற்றை வெளியேற்றும் வேலை. அப்பா மேலே, நான் கீழே. “மிதிங்கப்பா... பிடிங்க...” என்பேன். அவர் மிதியை அமுக்கிப் பிடித்திருக்கும்போது சிலேவில் உள்ள திருகைத் திறப்பேன். குமிழிகளோடு எண்ணெய் வரும். திருகை மூடிய பிறகுதான் “விடுங்க” என்பேன். குமிழி இல்லாமல் எண்ணெய் வரும்வரை இப்படியே செய்தோம். அரை மணி நேரத்துக்குப் பிறகு அப்பா ரிவர்ஸ் போட்டார். சத்தமே இல்லை.

சாமான் செலவு 120 வெள்ளிக்குள் முடிந்தது. கியர்பாக்ஸைத் தொடவே இல்லை.

சாலைக்குத் தகுதி

கிளட்ச் சரியானதால் மட்டும் வண்டி சாலைக்குத் தகுதியாகிவிடாது. சோதனையில் எஞ்சின் எண், சேஸி எண், பிரேக், சஸ்பென்ஷன், புகை, முன்விளக்கின் கோணம், வண்டியின் அடிப்பகுதி என ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நானும் அப்பாவும் ஒரு வாரம் வண்டியைச் சுற்றி வந்தோம். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பின் டயர்கள் இரண்டை மாற்றினோம். கைப்பிரேக் கேபிளை இறுக்கினோம். மங்கியிருந்த விளக்குக் கண்ணாடியைத் துலக்கினோம். வண்டி தேறியது.

சிரம்பானிலிருந்து திரும்பும் வழியில் அப்பா அந்தப் பட்டறையில் நிறுத்தினார். “கோளாறு உங்க வேலையில இல்ல. எங்க பையன் எண்ணெய மாத்தி ஊத்திட்டான்” என்று சொன்னார். அவர்களும் சோதித்துப் பார்த்திருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் நடந்ததைத் தெரிந்தவன் பக்கத்திலேயே நின்றுகொண்டு பேசாமல் இருந்தால், எந்த மெக்கானிக்கால் என்ன செய்ய முடியும்?

இப்போது நான் வாகனத் துறையில் எஸ்கேஎம் சான்றிதழுக்குப் படிக்கிறேன். என்னைப்போல் கையால் வேலை செய்யப் பிடித்தவர்களுக்கு ஒரு தகவல். எஸ்கேஎம் 1, 2, 3 என்று மூன்று நிலைகள். அதற்கு மேல் டிகேஎம் எனும் டிப்ளோமா, டிஎல்கேஎம் எனும் உயர் டிப்ளோமா. 2006-ஆம் ஆண்டின் தேசிய திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் சான்றிதழ்கள் இவை. படிப்புக்குக் கடன் வேண்டுவோர் பிடிபிகே நிதியிடம் விண்ணப்பிக்கலாம்.

எங்கள் கொட்டகையில் இப்போது ஒவ்வொரு எண்ணெய்ப் போத்தலிலும் தமிழில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது. கிளட்ச் டப்பாவின் மூடியில் “டாட் 3 மட்டும்” என்று எழுதியிருக்கிறது. அதை எழுதியது அப்பா. அதன் அடியில், பென்சிலால், “சந்தேகம் இருந்தால் கேள்” என்று எழுதியது நான்.