கருவியின் குற்றமும் செவியின் குற்றமும்

திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணியில் ஒரு காட்சி வருகிறது. காந்தருவதத்தையை இசைப்போரில் வெல்ல வந்த சீவகனிடம் யாழொன்றை நீட்டுகிறார்கள். அவன் உடனே வாசிக்கத் தொடங்கவில்லை, கருவியை ஆராய்கிறான். ஒரு யாழின் மரம் நீரில் நின்று கெட்டது என்கிறான். மற்றொன்றின் மரம் அழுகியது என்கிறான். இன்னொன்று தீயில் வெந்தது, வேறொன்று இடியேறுண்டது என ஒவ்வொன்றாக விலக்குகிறான். குற்றமற்ற கருவி கைக்கு வந்த பின்னரே இசை பிறக்கிறது.

இப்பகுதியை நான் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வருகிறேன். உரைகாரர் கூறும் மரக்குற்றங்களையும், கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்னும் நரம்புக்குற்றம் நான்கினையும் கரும்பலகையில் எழுதி மனனஞ் செய்வித்திருக்கிறேன். ஆயினும் அக்காட்சியின் பொருள் என் நெஞ்சிற் படிந்திருக்கவில்லை. அதனை எனக்குப் படிப்பித்தது, ஓட்டமாவடியில் ஒரு மாணவன் கொண்டுவந்த மலிவான மின் கிற்றார் ஒன்று.

அவனுடைய தமையன் மத்திய கிழக்கிலே தொழில் செய்தவன்; ஊர் திரும்பும்போது தம்பிக்கென அதனைப் பழைய பொருளாக வாங்கி வந்திருந்தான். தமிழ்மொழித்தின விழாவுக்கான ஒத்திகையில் பையன் அதனை மீட்டிக்கொண்டே பாடினான். கேட்கச் சகிக்கவில்லை. தந்திகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. அவற்றோடு சேர்ந்து பாட முயன்ற குரலும் வழுவியது. “தம்பி, உனக்குச் செவி இல்லை, பேச்சுப் போட்டிக்குப் போ” என்றேன். மற்ற மாணவர் சிரித்தனர். அவன் கருவியைத் துணியிற் சுற்றிக்கொண்டு வெளியேறினான்.

இரண்டு வாரங் கழித்து, வகுப்பில் விருத்தப்பா ஒன்றை இசையோடு ஓதும்படி அவனைப் பணித்தேன். ஓதினான். தொடங்கிய சுருதியில் மயிரிழையும் பிசகாமல் நான்கடியையும் ஓதி முடித்தான். செவியில்லாதவனுக்கு இஃது எவ்வாறு இயலும்? வகுப்பு முடிந்ததும் அவனைத் தனியே அழைத்துக் கேட்டேன். சிறிது தயங்கிவிட்டுச் சொன்னான்: “தனியப் பாடினாச் சரியா வருது, சேர். அதோட சேர்ந்தாத்தான் பிழைக்குது.”

அன்று மாலை அவன் அக்கருவியுடன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். பல மாலைகள் அங்கேயே கழிந்தன.

கிற்றார் நம் பகுதிக்கு அந்நியமானதன்று. மட்டக்களப்புப் பறங்கியரின் மணவீடுகளிலே கபிரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலினோடு கிற்றாரும் ஒலித்து வந்திருக்கிறது. ஆனால் மின் கிற்றாரின் இயல்பு வேறு. யாழுக்குப் பத்தரும் வீணைக்குக் குடமும் ஒலியைப் பெருக்குகின்றன. மின் கிற்றாருக்கு அத்தகைய வயிறு வேண்டுவதில்லை. ‘பிக்கப்’ எனப்படும் உறுப்பில் ஒரு காந்தமும், அதனைச் சுற்றி மயிரினும் மெல்லிய செப்புக்கம்பி பல ஆயிரம் சுற்றுக்களும் உள்ளன. உருக்குத் தந்தி அதன்மேல் அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அவ்வசைவு சுருளில் மின்னைப் பிறப்பிக்கிறது. 1831 இல் பரடே கண்ட உண்மையே இது. இந்நெறியில் அமைந்து வணிகத்தில் வெற்றி பெற்ற முதற் கிற்றார், 1932 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த, ‘வறுசட்டி’ என்று செல்லப்பெயர் பெற்ற ரிக்கன்பாக்கர் கருவியாகும். ஒட்டுப்பலகையாற் செய்த உடல் என்று அம்மாணவன் நாணியபோது, இவ்வுண்மையைச் சொல்லித்தான் அவனைத் தேற்றினேன். மரத்தின் தரம் ஓசையை எவ்வளவு மாற்றும் என்பதில் அறிஞரிடையே வாதம் உண்டு. மெட்டும் மேருவும் குதிரையும் அளவு தவறினால் எவ்வுயர்ந்த மரமும் காப்பாற்றாது என்பதிலோ வாதமே இல்லை.

சிலப்பதிகாரத்துக் கானல்வரியில், யாழைக் கையிலெடுத்த மாதவி செய்யும் எட்டுவகைத் தொழில்களை இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகிறார். பண்ணல் முதலாவது, ஆராய்தல் மூன்றாவது, விளையாட்டு ஆறாவதாகவே வருகிறது. நாங்களும் அவ்வரிசையை மீறாமல் ஆராய்தலிலிருந்து தொடங்கினோம்.

முதற் சோதனை எளியது. தந்தியின் நடுவிடமாகிய பன்னிரண்டாம் மெட்டின் நேர்மேலே விரலை மெல்லத் தொட்டு மீட்டினால், மணிபோன்ற மேற்சுரம் ஒன்று எழும். பின்பு அதே மெட்டில் தந்தியை அழுத்தி மீட்டவேண்டும். இரண்டும் ஒன்றாய் இருத்தல் முறை. எங்கள் கருவியிலோ, ஆறு தந்திகளில் ஐந்து அழுத்தியபோது மேலே ஏறி ஒலித்தன. பையன் வெற்றுத் தந்திகளை ஒவ்வொரு நாளும் செம்மையாகவே சுருதி கூட்டியிருக்கிறான். ஆனால் விரல் வைத்த கணத்திலேயே கருவி பொய் சொல்லியிருக்கிறது. அப்பொய்யை நம்பி அவன் குரல் இறங்கியும் ஏறியும் தடுமாறியிருக்கிறது. குரல் பிழைத்ததற்குக் காரணம் அவன் செவி கூர்மையாய் இருந்ததே! செவியற்றவனாயின் கருவியைப் பொருட்படுத்தாது பாடிச் சென்றிருப்பான்.

இனிக் கணக்குக்கு வருவோம். எங்கள் கருவியில் மேருவிலிருந்து குதிரை வரை தந்தியின் நீளம் 648 மில்லிமீற்றர். மேற்றானத்தைப் பன்னிரண்டு சம பங்காக்குவதே கிற்றாரின் முறை. ஆதலின் ஒவ்வொரு மெட்டும், எஞ்சிய நீளத்தை 17.817 ஆல் வகுத்த ஈவின் தூரத்தில் அமையும். முதல் மெட்டு 36.4 மில்லிமீற்றரில் வரும். பன்னிரண்டாவது சரி பாதியாகிய 324 இல் வரும். அளந்து பார்த்தோம். தொழிற்சாலை வெட்டிய மெட்டுக்கள் தத்தம் இடத்திலேயே இருந்தன. வீணையின் மெட்டுக்கள் மெழுகின்மேல் நிற்பதால் செவி கேட்டு நகர்த்தலாம். கிற்றாரின் மெட்டுக்களோ மரத்தில் இறுக்கப்பட்டவை. எனவே திருத்தம் இரு முனைகளில்தான் செய்யப்படவேண்டும்.

அதற்கு முன் கழுத்தின் வளைவைக் கவனித்தோம். ஆறு தந்திகளும் சேர்ந்து நாற்பது கிலோகிராமுக்கு மேற்பட்ட விசையால் கழுத்தை இழுக்கின்றன. அதனை எதிர்க்கவே கழுத்தினுள்ளே உருக்குத் தண்டொன்று ஓடுகிறது. எங்கள் ஊர்க் காற்றோ ஒரு நிலையில் நிற்பதில்லை. மாரியில் மரம் ஈரங் குடிக்கிறது, கச்சான் வீசும் மாதங்களில் உலர்கிறது. தண்டின் ஆணியைக் காற்சுற்றுக்கு மேற்படாமல் திருகி, ஓரிரவு விட்டு, மறுநாள் பார்த்து மீண்டும் திருகினோம். தந்தியின் முதல் மெட்டையும் கடைசி மெட்டையும் அழுத்தியபோது, நடுவே கால் மில்லிமீற்றர் அளவு இடைவெளி தோன்றியதும் நிறுத்தினோம். அவசரக்காரர் கையில் இத்தண்டு முறியும். கழுத்தும் அதனோடு போகும்.

மேல் முனையிலே மேரு. நெகிழியாற் செய்த அதன் பள்ளங்கள் மிக உயரமாக இருந்தன. தந்தி உயரத்தில் நின்றால் அழுத்தும்போது அதிகம் இழுபடும். இழுபட்டால் சுருதி ஏறும். முதல் மூன்று மெட்டுக்களில் ஏற்பட்ட முரண்பாட்டுக்கு இதுவே காரணம். கடைத்தெருவிற் பெற்ற எலும்புத் துண்டொன்றை அவித்து, கொழுப்பு நீக்கி, வெயிலில் உலர்த்தி, அரத்தால் அராவிப் புதிய மேரு செய்தோம். இரண்டு துண்டுகள் பாழாயின, மூன்றாவது பொருந்தியது. மூன்றாம் மெட்டிலே தந்தியை அழுத்தினால், முதல் மெட்டுக்கும் தந்திக்கும் இடையே ஒரு மயிர் நுழையும் வெளி இருத்தல் வேண்டும். அதற்குமேல் ஒருமுறை அராவினாலும் தந்தி மெட்டில் உரசி இரையும்.

பின்பு மெட்டுக்களைச் சமஞ் செய்தோம். ஒவ்வொரு மெட்டின் தலையிலும் மை பூசி, நேரான கட்டையில் ஒட்டிய அரத்தாளால் மெல்லத் தேய்த்தோம். மை முதலில் நீங்கிய இடம் மேடு; நீங்காத இடம் பள்ளம். ஒன்பதாம் மெட்டு மேடாக நின்றது புலனாயிற்று. எல்லாம் ஒரு மட்டமானதும் தட்டையான தலைகளை மீண்டும் உருட்டி மெருகிட்டோம். அவ்வேளை காந்தங்களின்மேல் ஒட்டுநாடா இடவேண்டும். இல்லையேல் உலோகத்தூள் அங்கே படிந்துவிடும். ஆடிய பிருடைகளின் ஆணித்துளைகளைத் தீக்குச்சியும் மரப்பசையும் இட்டு நிரப்பி மீண்டும் முடுக்கினோம். பொருநராற்றுப்படையிலே முடத்தாமக்கண்ணியார், யாழின் ஆணிகளுக்கு வளையில் வாழும் நண்டின் கண்ணை உவமை கூறுகிறார். வாவிக்கரைப் பிள்ளையாகிய என் மாணவன் அவ்வுவமையை விளக்கமின்றி அறிந்தான். “துளையில இறுக்கமா இருந்து வெளிய பார்க்குது, சேர்” என்றான். உரையாசிரியர் கூறுவது இதனினும் அதிகமன்று.

கீழ் முனையிலே குதிரை. அதன்மேல் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியே ஒரு சிறு தாங்கி உண்டு. திருகாணியால் அதனை முன்னும் பின்னும் நகர்த்தலாம். அழுத்திய சுரம் ஏறி ஒலித்தால் தாங்கியைப் பின்னே தள்ளித் தந்தியை நீட்டவேண்டும். இறங்கி ஒலித்தால் முன்னே கொணர்ந்து குறுக்கவேண்டும். எங்கள் கருவியில் ஆறு தாங்கிகளும் அணிவகுத்த சிப்பாய்கள்போல ஒரே வரிசையில் நின்றன. செய்தவர் எவரும் செவி கொடுத்துக் கேளாமலே அனுப்பிவிட்ட அடையாளம் அது. புதிய தந்திகளை மாட்டி, ஒவ்வொரு தாங்கியையும் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் சுருதி கூட்டிச் சோதித்தோம். தடித்த தந்திக்கு அதிகமும் மெல்லியதற்குக் குறைவுமாக அவை பின்வாங்கி நின்றபோது, பன்னிரண்டாம் மெட்டின் இரு சுரங்களும் ஒன்றாயின.

எஞ்சியது இரைச்சல். கருவியை அம்பிளிபயரில் இணைத்தால் வண்டு முரல்வதுபோல ஓர் ஒலி ஓயாது எழுந்தது. வீட்டு மின்னோட்டத்தின் 50 அதிர்வு காந்தச் சுருளிற் புகுந்து செய்யும் வேலை அது. உட்குழியில் செப்புத்தகடு ஒட்டி, அதனை நிலத்தொடுப்பில் இணைத்தோம். குதிரைக்குச் செல்லும் நிலத்தொடுப்புக் கம்பி அறுந்திருந்தது. அதனையும் பற்றாசு வைத்துச் சேர்த்தோம். நல்ல பற்றாசு பளபளக்கும். மங்கித் திரண்டிருப்பது பிழையான இணைப்பு. அம்பிளிபயரை மட்டும் நாங்கள் திறக்கவில்லை. மின்னை நிறுத்திய பின்னும் அதனுள்ளே உயிர்கொல்லும் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். அது தேர்ந்தவர்க்கே உரிய வேலை.

இவ்வாறு கையாற் கருவி திருத்துதல் எளியோர் செயல் என்று எவரும் இகழவேண்டாம். 1963 இல் இங்கிலாந்தில் பிறையன் மே என்னும் பள்ளி மாணவன், கிற்றார் வாங்கப் பணமின்றித் தந்தையோடு சேர்ந்து தானே ஒன்றைச் செய்யத் தொடங்கினான். பழைய அடுப்பங்கரைச் சட்டத்து மரம் கழுத்தாயிற்று. மோட்டார் சைக்கிளின் சுருள்விற்கள் உள்ளே சென்றன. முத்துச்சிப்பிப் பொத்தான்கள் மெட்டுக்களின் அடையாளமாயின. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற இசைக்குழுவில் அக்கருவியையே அவர் மீட்டினார். 2007 இல் வானியலிற் கலாநிதியுமானார். நம்மவரில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014), இரட்டைத் தந்திகள் நான்குடைய மாண்டலினை ஒற்றைத் தந்திகள் ஐந்துடைய மின் கருவியாக்கிக் கருநாடக இசையின் கமகங்களை அதிலே பேசவைத்தார். எக்கருவியும் முடிந்த முடிபன்று. கேட்கும் செவிக்குத் தக்கபடி அது திருந்தும்.

இவர்கள் எல்லோரினும் அரிய செயல் செய்தவர் எம் மட்டக்களப்பு மண்ணினரே. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார், மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதரும் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியுமாய் விளங்கியவர். அவர்முன் இருந்தது பழுதான யாழன்று, யாழே இல்லை. செய்யுளிற் சிதறிய சொற்களும் உரைகாரர் விட்டுச்சென்ற கணக்குகளுமே இருந்தன. அவற்றைக்கொண்டு, 21 நரம்புடைய பேரியாழும் 14 நரம்புடைய சகோடயாழும் 7 நரம்புடைய செங்கோட்டியாழும் எவ்வாறு இசைத்திருக்கும் என்று ஆராய்ந்தார். 1947 சூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூரில் ‘யாழ்நூல்’ அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். தமிழரின் பழைய இசை வெறுங் கற்பனை என்று கூறியோர்க்கு அவர் கணக்காலே விடையிறுத்தார். குற்றம் இசையில் இல்லை. கருவியை நாம் இழந்துவிட்டதே குற்றம்.

பழைய இசைநூலோர் நரம்புகளுக்கிடையே உறவு கூறுவர்: இரண்டாவது இணை, ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை. கிற்றாரின் ஆறு தந்திகளை இம்முறையில் எண்ணிப் பார்த்தோம். அடுத்தடுத்த தந்திகளுக்கிடையே ஐந்து உறவுகள். அவற்றில் நான்கு நட்பு, ஒன்றுமட்டும் பகை. “ஒரு வீட்டில அவ்வளவாவது இருக்கும்தானே, சேர்” என்றான் பையன். தொல்லிலக்கணம் ஒன்று புதிய கருவியில் உயிரோடு இருப்பதைக் கண்டு நான் மகிழ்ந்தேன். அவன் மகிழ்ந்தது, தன் கருவிக்கும் தமிழில் ஓர் இலக்கணம் உண்டென்பதை அறிந்து.

வேலை முடிந்த மாலையில், முல்லைப்பண்ணென இசையறிஞர் கூறும் மோகனத்தின் ஐந்து சுரங்களை அவன் மெல்ல மீட்டினான். பின்பு அவற்றோடு பாடினான். குரலும் தந்தியும் ஒன்றையொன்று தழுவி நின்றன. பாலத்தின்மேல் வண்டிகள் ஓடும் ஓசை தொலைவிலே கேட்டது. வேறு இரைச்சல் இல்லை. உலகத்தரக் கருவியாக அது மாறிவிட்டதென்று நான் சொல்லமாட்டேன். பிருடைகள் இன்னமும் மலிவானவையே; நெடுநேரம் வாசித்தால் சுருதி சிறிது இறங்கும். ஆனால் அது பொய் சொல்வதை நிறுத்திவிட்டது.

மறுநாள் வகுப்பில், முன்பு சிரித்த அதே மாணவர்முன் நின்று, “இவனுக்குச் செவி இல்லை என்று நான் சொன்னது பிழை. கருவியை ஆராயாமல் தீர்ப்புச் சொன்னேன்” என்றேன். ஆசிரியன் ஒருவன் வாயால் இச்சொற்கள் வருதல் எளிதன்று. சொன்னபின் நெஞ்சு இலேசாயிற்று. அதன்பின், வாசிப்பில் ஒரு பிள்ளை தடுமாறினால் அவன் கையிலுள்ள புத்தகத்தின் அச்சு மங்கியிருக்கிறதா, அவன் கண்ணுக்குக் கரும்பலகை தெரிகிறதா, காலையில் உண்டுவிட்டு வந்தானா என்று முதலிற் பார்க்கிறேன். சீவகன் செய்தது அதுதான். முப்பது ஆண்டு கற்பித்த பாடத்தை நான் கற்றுக்கொண்டது அம்மாணவனிடத்திலேயாம்.