எலுமிச்சை மணக்கும் பாதாம் பிஸ்கட்டு

இத்தாலியின் சிசிலித் தீவில், மலைமீது அமைந்த சிற்றூர் எரிச்சே. அங்குள்ள சான் கார்லோ மடத்துக் கன்னியர் பாதாம் இனிப்புகளைச் செய்து விற்றனர். செய்முறையை எவர்க்கும் கற்பித்ததில்லை. தந்தையை இழந்து அம்மடத்தில் வளர்ந்த மரியா கிரம்மாத்திக்கோ, பணிகளுக்கிடையே கண்ணால் கண்டே அதனைக் கற்றார். பின்னர் அவ்வூரிலேயே கடை தொடங்கினார். அவர் கவனியாதிருப்பின் அக்கைவினை மடத்துச் சுவர்களுக்குள்ளேயே மறைந்திருக்கக்கூடும்.

இதனை வீட்டிலும் செய்யலாம். கோதுமை மாவு வேண்டுவதில்லை. தோல்நீக்கிய பாதாம் 200 கிராம், சர்க்கரை 150 கிராம், ஒரு முட்டையின் வெண்கரு, எலுமிச்சைத் தோல்துருவல் ஆகியன போதும். பாதாமைத் தனியே அரைத்தால் எண்ணெய் கசிந்து விழுதாகும்; சர்க்கரையுடன் விட்டுவிட்டு அரைத்தால் பொடியாகும். எலுமிச்சையின் நறுமணம் சாற்றில் இல்லை. தோலின் மேற்பகுதியிலுள்ள எண்ணெயில்தான் உள்ளது. அதன் கீழுள்ள வெண்பகுதியோ கசக்கும்; ஆதலின் மேலோட்டமாகவே துருவுதல் வேண்டும்.

பிசைந்த மாவை நெல்லிக்காயளவு உருட்டிக் குழித்து, பூரணம் வைத்து மூடுக. சிசிலியர் தடித்த தோலுடைய செட்ரோ பழத்தின் பாகை வைப்பர். கெட்டியான எலுமிச்சை ஜாமும் பொருந்தும். நீர்த்த பாகு வெடித்து வழிந்துவிடும். அடுமனை அடுப்பில் 180 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 15 நிமிடம் வேகவைத்து, விளிம்பு சற்றே பொன்னிறமானவுடன் எடுத்துவிடுக. அப்போது மென்மையாகவே இருக்கும். ஆறும்போது மேற்புறம் இறுகும்.