ஊரிலுள்ள வீடும் நால்வரின் வரிக்கணக்கும்



பிழைப்பைத் தேடி மும்பைக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் வந்து குடியேறிய நம்மில் அநேகருக்குச் சொந்த ஊரில் தகப்பனார் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. அவர் மறைந்தபின் அதை வாடகைக்கு விட்டிருக்கிறோம். வாடகைப் பணம் மூத்த மகனின் வங்கிக் கணக்கில் வந்து சேருகிறது. "அம்மாவின் மருந்துக்குத்தானே அது செலவாகிறது, நான் ஏன் வரிக்கணக்கில் காட்ட வேண்டும்?" என்று அவர் எண்ணுகிறார். மற்றவர்களோ, "பணம் அண்ணன் கையில் வருகிறது, கணக்கும் அவருடையதே" என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டு எண்ணங்களுமே தவறானவை.

பணம் யார் கையில் சேருகிறது என்பதைவிட, வீடு யாருக்கு எவ்வளவு சொந்தம் என்பதையே சட்டம் பார்க்கிறது. பங்குகள் தெளிவாக இருந்தால், ஒவ்வொருவரும் தம் பங்கின் வருமானத்தைத் தம் கணக்கிலேயே காட்டவேண்டும் என்பது 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே நியதி தொடருகிறது.

அப்படியானால் உங்கள் பங்கு எவ்வளவு? கிறிஸ்தவரான தகப்பனார் உயில் எழுதாமல் மரித்திருந்தால், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு; மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மணமாகிச் சென்ற மகளுக்கும் மகனுக்கும் இதில் வேற்றுமை இல்லை.

ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் உள்ள குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாத வாடகை 15,500 ரூபாய், ஆண்டுக்கு 1,86,000. அவ்வாண்டில் செலுத்திய வீட்டுவரி 6,000 கழிந்தால் 1,80,000. இதில் 30 விழுக்காடாகிய 54,000-ஐச் சட்டமே கழிக்க அனுமதிக்கிறது. வெள்ளையடித்த செலவு, கூரை பழுதுபார்த்த செலவு யாவும் இதற்குள் அடங்கும். தனியே கழிக்க இயலாது. மீதி 1,26,000. தாயாருக்கு 42,000, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 28,000. அந்தத் தொகையையே அவரவர் தம் சம்பளத்தோடு சேர்த்துக் காட்டவேண்டும். தாயாருக்கு வேறு பெரிய வருமானம் இல்லையென்றால் அவருக்கு வரி வராது.

"எங்கள் பங்கையும் அம்மாவுக்கே கொடுத்துவிடுகிறோமே" என்பீர்கள். நல்ல காரியந்தான். ஆயினும் வாடகையைக் கொடுப்பது வேறு, வீட்டின் உரிமையைக் கொடுப்பது வேறு. பங்கை உங்கள் பேரில் வைத்துக்கொண்டு வருமானத்தை மட்டும் கொடுத்தால், வரி உங்களையே சேரும். பதிவுசெய்யப்பட்ட விடுதலைப் பத்திரத்தினால் பங்கையே தாயாருக்குக் கொடுத்தால்தான் வாடகை முழுவதும் அவர் வருமானமாகும்.

மூத்தவர்கள் விசேஷமாய்க் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஆண்டு வாடகை ஒரு இலட்சத்தைத் தாண்டும்போது, குடியிருப்பவர் பழைய வரிமுறையில் வாடகைப்படிக்கு விலக்குக் கேட்டால், வீட்டு உரிமையாளரின் பான் எண்ணைத் தம் அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். ஒப்பந்தம் உங்கள் பெயரில் மட்டும் இருந்தால், உங்கள் எண்ணையே கொடுப்பார். 28,000-க்கு மட்டும் பொறுப்பாளியான நீங்கள், 1,86,000-க்கும் பதில் சொல்ல நேரிடும். அந்த நாளில் தம்பியையும் தங்கையையும் கணக்குக் கேட்கத் தொடங்கினால், மனஸ்தாபமே மிஞ்சும்.

ஆகவே, இப்போதே சில காரியங்களைச் செய்துவிடுங்கள். வாரிசுச் சான்றிதழைப் பத்திரமாய் வைத்திருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் நால்வர் பெயரையும் எழுதுங்கள். இணை உரிமையாளரின் விவரம் கேட்கும் படிவங்களில் அவர்கள் பெயரையும் பான் எண்ணையும் பங்கு விழுக்காட்டையும் பிழையின்றி நிரப்புங்கள். வாடகையைக் கையில் பணமாய்க் கொடாமல் வங்கி வழியாகவே பகிர்ந்துகொள்ளுங்கள். வீட்டுக்கடன் இருந்தால், கடன் வாங்கி அதைக் கட்டிவருகிறவரே அதன் வட்டிக்குக் கழிவு கேட்கலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தாளில் கணக்கெழுதி எல்லாருக்கும் அனுப்புங்கள். கடைசியில் பிறந்த தங்கையும் அதை வாசித்து, "சரிதான், அண்ணா" என்று சொல்லட்டும். தகப்பனார் கட்டிய வீடு பிள்ளைகளைப் பிரிக்கிற வீடாகிவிடாதபடி காப்பது, உங்கள் கையிலுள்ள அந்த ஒரு தாளே.