தாயைக் காட்டாத நாய் வியாபாரி! குட்டி வாங்குவோர் உஷார்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கடனோ உடனோ வாங்கித் தனி வீடு கட்டிக் குடிபோனவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, வாசலில் ஒரு ஜாதி நாய். திருட்டுப் பயம் பாதி, பிள்ளைகளின் நச்சரிப்பு மீதி.

கைபேசியில் தேடினால் கொழுகொழுவென்று லாப்ரடார் குட்டியின் படம் வருகிறது. போன் போட்டால் மறுமுனையில் தேன் ஒழுகுகிறது. "நீங்க எதுக்கு சார் அலையணும்? ஆவடி ஸ்டேஷன் வாசல்ல நில்லுங்க. நானே கொண்டாந்து குடுத்துடறேன்."

அங்கேதான் இருக்கிறது கோளாறு! குட்டி பிறந்த இடத்தைக் காட்ட மனமில்லாதவர் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டியதில்லை என்று பெண் பார்க்கப் போகிறவர்கள் சொல்வார்கள். நாய் விஷயத்தில் அது நூற்றுக்கு நூறு பொருந்தும்.

நாலாம் நாள்

ஞாயிற்றுக்கிழமை குட்டி வீட்டுக்கு வருகிறது. பெயர் வைத்தாகிவிட்டது, மணி கட்டியாகிவிட்டது. புதன்கிழமை பாலைத் தொடவில்லை. ராத்திரி வாந்தி. விடிந்தால் ரத்தமாகப் பேதி. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினால் "பார்வோ" என்கிறார்.

பிறகு தினமும் குளுக்கோஸ், ஊசி, ஆட்டோ செலவு. குமாஸ்தா சம்பளத்தில் துண்டு விழுகிறது. அப்படியும் பல குட்டிகள் பிழைப்பதில்லை. பிள்ளைகளுக்குப் பதில் சொல்லி மாளாது.

வியாபாரிக்குப் போன் போட்டால் "உங்க வீட்டுத் தண்ணி ஒத்துக்கலை சார்" என்பார். நம்ப வேண்டாம்! பார்வோ கிருமி உடம்பில் புகுந்து நோய் வெளியே தெரிய மூன்று நாள் முதல் ஒரு வாரம் ஆகும், சில சமயம் இரண்டு வாரம்கூட. வந்த இரண்டு மூன்று நாளிலேயே குட்டி படுத்தால், பெரும்பாலும் விற்ற இடத்திலேயே தொற்றியிருக்கிறது.

"தடுப்பூசி போட்டாச்சு" என்பதும் அரைகுறைப் பேச்சு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும் வரை ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் ஆகும் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஊசிப் புட்டியின் ஸ்டிக்கரும் டாக்டரின் கையெழுத்து, பதிவு எண்ணும் இருக்கும் புத்தகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். வெறும் சீட்டில் தேதி எழுதித் தந்தால் அது கணக்கில் சேராது.

45 நாள் கணக்கு

"45 நாள் குட்டி" என்பது இந்த வியாபாரத்தில் சகஜமாகப் புழங்கும் வார்த்தை. சட்டம் சொல்வதோ 8 வாரம், அதாவது 56 நாள். மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. பொடிக் குட்டி பார்க்க அழகு, சீக்கிரம் விலை போகும், தீனிச் செலவும் மிச்சம். அதனால் ஒரு மாதக் குட்டிக்கும் 45 நாள் என்று வயசு கூட்டிச் சொல்லுவோர் உண்டு. வாயைத் திறந்து பாருங்கள். 8 வாரக் குட்டிக்கு 28 பால் பற்களும் அநேகமாக முளைத்திருக்கும்.

தாயையும் கூடப்பிறந்ததையும் சீக்கிரம் பிரிந்த குட்டி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று கற்றுக்கொள்ளாமலே வளர்கிறது. பின்னால் கடிபடுவது வீட்டுக் குழந்தைதான்.

தாய்க்கும் அதே விதிகளில் பாதுகாப்பு உண்டு. 18 மாதம் ஆகாத பெட்டையை இனச்சேர்க்கைக்கு விடக்கூடாது. 12 மாதத்தில் ஒரு ஈற்று, ஆயுளுக்கு ஐந்து ஈற்று, 8 வயசுக்கு மேல் கிடையாது. நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்து, அந்தச் சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டிவைக்க வேண்டும். எத்தனை வீட்டுச் சுவரில் அது தொங்குகிறது என்பது வேறு கதை!

தாய் எங்கே?

நேரில் போனால் முதலில் தாயைக் காட்டச் சொல்ல வேண்டும். குட்டி போட்ட நாய் சற்று இளைத்துத்தான் இருக்கும், முடியும் கொட்டும். அது தப்பில்லை. ஆனால் எலும்பு துருத்தி, சொறி பிடித்து, எஜமானர் கை தூக்கினால் ஒடுங்குகிறது என்றால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டலாம். "தாய் பெங்களூர்ல இருக்கு" என்றாலும் அதே கதிதான்.

மூக்கைத் துளைக்கும் நாற்றம், ஈரத் தரை, ஒரே இடத்தில் ஐந்தாறு ஜாதிக் குட்டிகள் எல்லாமே சந்தைச் சரக்கின் லட்சணம்.

போர்டைப் பார்த்தும் மயங்கக்கூடாது. சைதாப்பேட்டையில் அரசாங்கமே ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாய்களுக்கு இனப்பெருக்க நிலையம் நடத்தியது. நாய்களை வைத்திருந்த நிலை சரியில்லை என்று வழக்கு போய், 2016-ல் அதை மூடச் சொல்லி சென்னை ஐகோர்ட்டு உத்தரவு போட்டது. அரசு பண்ணைக்கே அந்தக் கதி என்றால் மொட்டை மாடிக் கூண்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

பேப்பர் மகிமை

"பேப்பரோட ஒரு ரேட், பேப்பர் இல்லாம ஒரு ரேட்" என்பார்கள். பேப்பர் என்பது கென்னல் கிளப் ஆப் இந்தியா தரும் வம்சாவளிச் சான்று. தாயும் தகப்பனும் அங்கே பதிவாகியிருந்தால்தான் குட்டிக்குக் கிடைக்கும். "அப்புறம் அனுப்பறேன்" என்ற பேப்பரை நம்பி முழுப் பணத்தையும் கொடுப்பானேன்? பெற்றோரின் சான்றையும், மைக்ரோசிப் எண்ணையும் அங்கேயே சரிபார்க்கலாம்.

ஒன்று, பேப்பர் சொல்வது பரம்பரையைத்தான், ஆரோக்கியத்தை அல்ல. லாப்ரடாருக்கும் அல்சேஷனுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். தாய் தகப்பனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று கேட்டால், நல்லவர் பிலிமை எடுத்துக் காட்டுவார். மற்றவர் முழிப்பார்.

நல்ல ஆளுக்கு இன்னொரு அடையாளம், அவர் நம்மைத்தான் குடைந்தெடுப்பார். "வாடகை வீடா? ஓனர் சம்மதிச்சாரா? பகல்ல யார் இருப்பாங்க? ஊருக்குப் போனா எங்க விடுவீங்க?" என்று பெண்ணைக் கொடுப்பவர் மாதிரி கேட்பார். வளர்க்க முடியாவிட்டால் தன்னிடமே திருப்பிக் கொடுக்கும்படி எழுதியும் வாங்குவார். கோபப்படக்கூடாது. 2003-ல் ஹட்ச் டெலிபோன் விளம்பரத்தைப் பார்த்து ஊரே 'பக்' நாய் வாங்கியபோது, சப்பை மூக்குக்காரன் நம் சித்திரை வெயிலில் மூச்சு வாங்கித் தவிப்பானே என்று வாங்க வந்தவரிடம் சொன்னவர் எத்தனை பேர்?

கடைசியாக, பணம். குட்டியைக் கண்ணால் பார்க்கும் முன்பு அட்வான்ஸ் கேட்டு 'ஸ்கேன்' அட்டை அனுப்பினால் போனை வைத்துவிடலாம். "வண்டிச் செலவு", "கூண்டுக்கு டெபாசிட்" என்று அடுத்தடுத்து வரும், குட்டி மட்டும் வராது. ஏற்கெனவே அனுப்பி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பணம் கை மாறி மறைவதற்குள் சொன்னால் வங்கிக் கணக்கில் முடக்கி வைக்க வழி இருக்கிறது.