ஐந்நூறைத் தாண்டாத மீட்டர்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களைக் கழித்தவர்களுக்குத் தெரியும். ராத்திரி பத்து மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடும். ஃபேனை நிறுத்த யாருக்கும் மனம் வராது. அதனால் கரண்ட் பில் பேச்சை ஃபேனிலிருந்தே தொடங்குவோம்.

1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். அதன் மோட்டார், சுழலும் பாகத்தில் காந்தத்தை உண்டாக்கவே கொஞ்சம் மின்சாரத்தைச் செலவழிக்கிறது. அதில் ஒரு பகுதி வெப்பமாகப் போகிறது. பி.எல்.டி.சி. ஃபேனில் நிலைக்காந்தம் உள்ளேயே இருப்பதால் 35 வாட் போதும். தினமும் 15 மணி நேரம் ஓடும் ஃபேன் ஒன்றை மாற்றினால், இரண்டு மாதத்தில் 36 யூனிட் மிச்சம். மூன்று ஃபேனுக்கு 108.

108 யூனிட்டில் என்ன வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். 2016 முதல் இப்படித்தான். அதற்குமேல் செலவு கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறும். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால், இரண்டாவது நூறு யூனிட்டுக்குக் கிடைத்துவந்த ஏறத்தாழப் பாதி விலைச் சலுகையும் போய்விடும். 560 யூனிட் செலவழிக்கும் வீடு மூன்று ஃபேனை மாற்றினால் 452-க்கு இறங்கிவிடும். மாடியில் ஒரு சோலார் பலகைகூட வைக்காமலே!

இப்போது பலகையை வைப்போம். ஒரு கிலோவாட் சோலாருக்கு மாடியில் சுமார் 100 சதுர அடி வேண்டும். நம் ஊர் வெயிலில் சராசரியாக நாளுக்கு 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் தரும். பகலில் மிஞ்சுவது கம்பி வழியாக வெளியே போகும். போனதையும் வந்ததையும் இருவழி மீட்டர் கணக்கு வைக்கும். 452-இல் 240 கழிந்தால் 212. இலவச நூறும் போக, காசு கட்ட வேண்டியது 112 யூனிட்டுக்குத்தான். சோலார் முதலில் வெட்டுவது விலை அதிகமான மேல் யூனிட்டுகளை. எனவே ஃபேன் முதலில், பலகை பிறகு என்பதே என் கட்சி. தேவை குறைந்தால் சின்னப் பலகையே போதும்.

பலகையை எப்படி வைப்பது? இரண்டு ஊர்களும் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கின்றன. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் ஒரு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்டுவைத்த குச்சிக்கு அப்போது நிழலே விழாது. மாடியில் நட்டுப் பாருங்கள். மற்றபடி ஆண்டின் பெரும்பகுதி நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அதனால் பலகையும் தெற்கு நோக்கி, 11 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருந்தால் நல்லது.

வெயில் சுட்டால் மின்சாரம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். பலகைக்கு வேண்டியது ஒளி, சூடு அல்ல. ஒளி பட்டதும் சிலிக்கானுக்குள் எலக்ட்ரான்கள் விடுபட்டு ஓடுவதுதான் மின்சாரம். 25 டிகிரிக்கு மேல் சூடு ஏற ஏற பலகையின் திறன் குறையும். 65 டிகிரிக்குச் சூடான பலகை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு மின்சாரத்தை இழந்துவிடும். காற்று அடியில் புகுந்து போக இடம் விட்டு உயர்த்தி மாட்டுவது இதற்காகத்தான். அரியலூரில் தூசியையும் கவனிக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோர வீடுகளில் பலகைமேல் தூசி படிந்து ஒளியை மறைக்கும். சூடேறுமுன், காலையிலேயே தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும்.

செலவுக்கு உதவி உண்டு. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட் வைத்தால் 78,000 ரூபாயும் மானியம் தருகிறது. அதற்கு முன்பே, 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 300 சதுர அடி வீடுகள் ஐந்து சோலார் விளக்குகளோடு கட்டப்பட்டன.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வரும். மாடியில் சோலார் இருந்தால் கரண்ட் போனாலும் ஃபேன் ஓடுமா? பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்த சோலார் என்றால் ஓடாது. கம்பியில் மின்சாரம் நின்ற நொடியே, பலகையின் மின்சாரத்தை வீட்டுக்கேற்ப மாற்றித்தரும் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். தெருமுனைக் கம்பத்தில் ஏறி ஒருவர் பழுது பார்த்துக்கொண்டிருக்கலாம். உங்கள் மாடியிலிருந்து போகும் மின்சாரம் அவரைத் தாக்கக் கூடாது.