கல்யாணத்துக்கு முன் எழுதி வாங்கினால் செல்லுமா?
செஞ்சி வட்டாரப் பெற்றோர் கேட்கும் கேள்வி

செஞ்சி,

பெண்ணுக்கு இடம் முடிந்து விட்டால் செஞ்சி வட்டாரத்தில் மண்டபம் பிடிப்பதற்கு அடுத்த கவலை நகைதான். மல்லாட்டை விற்ற காசில் வருடக்கணக்கில் சேர்த்த பவுன். "போட்டு அனுப்பிடுவோம். நாளைக்கு அங்க ஏதாவது ஆச்சுன்னா? ஸ்டாம்பு பேப்பர்ல எழுதி வாங்கிடலாமா?" என்று பெண்ணைப் பெற்றவர்கள் கேட்கிறார்கள்.

வாங்கலாம். ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. கல்யாணத்துக்கு முன் போடும் சொத்து ஒப்பந்தத்துக்கு இந்து திருமணச் சட்டத்தில் தனி இடம் கிடையாது. பொதுநலனுக்கு விரோதம் என்று கோர்ட்டு தள்ளிவிட 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.

புதுவையில் வேறு சட்டம்

சுமார் 70 கிலோ மீட்டர் தள்ளி புதுச்சேரியில் கதையே வேறு. 1881-ம் வருட பிரெஞ்சு ஆணைப்படி சொந்த சாதி-மத வழக்கைத் துறந்து பிரெஞ்சு சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் அங்கே உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தாது. பிரெஞ்சு சட்டமோ, கல்யாணத்துக்கு முன்பே நொத்தேர் முன்னிலையில் 'உன் சொத்து உனக்கு, என் சொத்து எனக்கு' என்று எழுதிக்கொள்ள இடம் தருகிறது.

செஞ்சிக் கோட்டையும் 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததுதான். அவர்கள் விட்டுப் போனார்கள். அந்தச் சட்டம் இங்கே வரவில்லை!

முதல் இரவில் போன 89 பவுன்

கேரளாவில் 2003-ல் கல்யாணமான ஒரு பெண்ணுக்கு பெற்றோர் 89 பவுன் போட்டார்கள். "பத்திரமாக இருக்கட்டும்" என்று முதல் இரவிலேயே கணவர் வாங்கி தன் தாயாரிடம் கொடுத்ததாகவும், பழைய கடனுக்கு அது கரைந்து விட்டதாகவும் வழக்கு. குடும்ப கோர்ட்டு 2011-ல் அந்தப் பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஐகோர்ட்டு, ஆதாரம் போதாது என்றது. கடைசியில் 2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. சீதனம் மனைவியின் சொத்து, கஷ்டத்துக்குக் கணவன் எடுத்தாலும் திருப்பித் தந்தாக வேண்டும் என்பது தீர்ப்பு.

பணம் கைக்கு வர உத்தரவாவதற்குள் 21 வருடம் ஓடி விட்டது. 89 பவுனும் இன்னின்ன நகை என்று அன்றே ஒரு தாளில் இருந்திருந்தால்?

அந்தத் தாளுக்கு சட்டமே இருக்கிறது. வரதட்சணை கேட்பது 1961 முதல் குற்றம். கேட்காமல் மனமுவந்து கொடுக்கும் அன்பளிப்புக்கு, 1985-ம் வருட விதிப்படி பட்டியல் எழுத வேண்டும். என்ன பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று எழுதி மாப்பிள்ளை, பெண் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். 101 ரூபாய் மொய்க்கு மேஜை போட்டு நோட்டில் எழுதுகிறோம். பெண் கழுத்தில் கிடக்கும் பவுனுக்கு ஒரு வரி கிடையாது!

நிலம் கொடுப்பவர்கள் பத்திர வாசகத்தைப் பார்க்க வேண்டும். 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் 14-வது பிரிவுப்படி பெண்ணின் சொத்து அவளுக்கே முழு உரிமை. ஆனால் செட்டில்மெண்டு பத்திரத்தில் 'ஆயுள் வரை அனுபவித்து' என்று எழுதி விட்டால் அந்த அளவோடு சரி. நாளைக்கு ஒரு அவசரத்துக்கு அந்தக் கொல்லையை அவளால் விற்க முடியாது. 'சர்வ சுதந்திரமாய்' என்று இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பத்திரம் எழுதுபவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.