உத்தியோகம் மாறலாமா?

மாலை வேளைகளில் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்திருப்போர் பல திறத்தினர். காற்று வாங்க வருவோர் உளர்; தூண்டில் போடுவோர் உளர்; பாடுமீனின் ஒலி கேட்குமோ எனக் காத்து நிற்கும் வெளியூரவரும் உளர். இவர்களிடையே, ஒன்றையும் பாராமல் நீரையே நோக்கி நிற்கும் இளைஞர் சிலரையும் நாம் காண்பதுண்டு. அவர்களுள் ஒருவர் முன்னாளில் எம்மிடம் பயின்ற மாணவர். அண்மையில் ஒருநாள் அவர் எம் வீட்டுக்கு வந்து, "சேர், இந்தக் கந்தோர் வேலையை விட்டுவிடலாமா?" என்று கேட்டார்.

ஒன்பது ஆண்டுகளாக அரசாங்க உத்தியோகம். மனைவி, இரண்டு பிள்ளைகள். சிறு வயதில் மாமாவின் பட்டறையில் குளிர்சாதனப் பெட்டி திருத்தப் பழகியவர். வாவி மீனும் இறாலும் பெருகும் ஊரில் அத்தொழிலுக்குக் குறைவு வராது என்பது அவர் கணக்கு. கேட்டவுடன் "வேண்டாம்" என்று சொல்லுவதே எம் போன்ற ஆசிரியர்களின் வழக்கம். ஆயினும், அப்படிச் சொல்ல நமக்கு நா எழவில்லை. காரணம், பாலத்துக்கு அப்பால் கல்லடி உப்போடையில் சமாதி கொண்டுள்ள ஒருவரின் வரலாறு.

காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனனார் எத்தனை தொழில் மாறினார் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடும். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் கற்று, அங்கேயே ஆசிரியரானார். கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றார். பின்னர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று 1916இல் தகைமைச் சான்றிதழ் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் சித்தியெய்தினார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் படித்து, 1920இல் விஞ்ஞானப் பட்டதாரியானார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியும் அவரைத் தேடி வந்தது. முப்பது வயதுக்குள் இவ்வளவும்! அக்காலத்தில் இதற்குமேல் ஒரு தமிழ் வாலிபருக்கு என்ன வேண்டும்? அவரோ 1922இல் எல்லாவற்றையும் விட்டுச் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டு சுவாமி விபுலானந்தர் ஆனார்.

துறவும் அவருக்கு ஓரிடத்தில் அமரும் தொழிலாக அமையவில்லை. பத்திரிகை ஆசிரியரானார். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். பின்னர் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதியில் ஆங்கில சஞ்சிகையாசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர்.

இந்த மாற்றங்களில் நாம் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அவர் எதையும் வீசியெறிந்துவிட்டுப் போகவில்லை. விஞ்ஞானம் படித்தது தமிழுக்கு வீணென்று அன்று சிலர் எண்ணியிருக்கலாம். ஆனால் யாழின் நரம்பு எந்த நீளத்தில் எந்தச் சுருதியை ஒலிக்கும் என்று கணக்கிட்டுப் பழந்தமிழ் இசையை விளக்க முற்பட்டபோது, அந்த விஞ்ஞானமே கைகொடுத்தது. வெறும் பண்டிதராக மட்டும் இருந்திருந்தால் 'யாழ் நூல்' பிறந்திராது. வெறும் விஞ்ஞானியாக இருந்திருந்தாலும் பிறந்திராது. தமிழிற் கலைச்சொல் ஆக்கும் பணியை 1936இல் சென்னையில் தலைமையேற்று நடத்தியபோதும் பழைய ஆய்வுகூடப் பழக்கம் உதவியது. யாழ் நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. ஜூலை 19இல் அவர் மறைந்தார்.

வேற்று நாட்டிலும் இத்தகையோர் இல்லாமலில்லை. ஜெர்மனிய மொழி பேசிய அல்பேர்ட் சுவைட்சர் சமய அறிஞராகவும் வாத்திய விற்பன்னராகவும் புகழ் பெற்றபின், முப்பதாவது வயதில் மருத்துவம் படிக்கத் தொடங்கி, 1913இல் ஆபிரிக்காவிலுள்ள லம்பரேனேயில் வைத்தியசாலை அமைத்தார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நாம் அந்த இளைஞரிடம் இன்னொன்றையும் சொல்லவேண்டியிருந்தது. விபுலானந்தர் துறவி. அவர் சம்பளத்தை விட்டதால் எந்தக் குழந்தையின் பால்மாவும் நிற்கவில்லை. இல்லறத்தான் அவரைப் பின்பற்றப் புகுந்தால், துணிவை மட்டும் எடுத்துக்கொள்ளல் ஆகாது. வேலை பார்த்துக்கொண்டே இரவிற் படித்த பொறுமையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளவேண்டும். பட்டம் கைக்கு வந்தபின்னரே அதிபர் பதவி வந்தது என்பதை மறக்கலாகாது.

ஆகவே முதலில் மேலதிகாரியின்மேல் உள்ள கோபமா, தொழிலின்மேல் உள்ள வெறுப்பா என்று பிரித்துப் பார்க்கச் சொன்னோம். கோபமானால் இடமாற்றம் போதும். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்து, "இரண்டும்தான்" என்றார். உண்மையைச் சொன்னதற்காக அவரை நாம் மெச்சினோம்.

அடுத்து, பட்டறையிற் கற்ற கைத்திறனுக்குச் சான்றிதழ் உண்டா என்று வினவினோம். இல்லை. நம் நாட்டில் தேசிய தொழில் தகைமை என்ற ஏழு மட்டங்கள் கொண்ட ஒழுங்கு ஒன்று இருக்கின்றது. பாடநெறியிற் சேராமலே, செய்து பழகிய அனுபவத்தைப் பரிசோதகர் முன் காட்டிச் சான்றிதழ் பெற அதில் வழியுண்டு. மேசனும் மின்னிணைப்பாளரும் இதை அறியாமலே ஆயுளைக் கழித்துவிடுகின்றனர். வெளிநாடு செல்ல எண்ணுவோருக்கும் அச்சான்றிதழ் பயன்படும். தனியார் கம்பனிகளில் இருப்போர் கவனிக்கவேண்டியது வேறு: ஊழியர் சேமலாப நிதிக்குத் தாம் செலுத்தும் எட்டு வீதத்தோடு முதலாளி பன்னிரண்டு வீதம் சேர்த்துக் கட்டினாரா என்று விலகுமுன் பார்ப்பதும், பழைய அங்கத்துவ இலக்கத்தைப் பத்திரப்படுத்துவதும் ஆகும்.

அரசாங்க ஊழியருக்கோ ராஜினாமா வேறு, விடுமுறை வேறு. நாடு நெருக்கடியில் வீழ்ந்த 2022இல், ஐந்தாண்டுவரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாட்டு வேலைக்கோ உள்நாட்டிற் பயனுள்ள வேறு முயற்சிக்கோ செல்ல அனுமதி வழங்கப்பட்டது. இத்தகைய சுற்றுநிருபங்கள் அடிக்கடி திருத்தப்படுவதால், தேநீர்க்கடைப் பேச்சை நம்பாமல், நிருவாகக் கிளையில் எழுத்துமூலம் கேட்டறியும்படி சொன்னோம். ஒன்பது ஆண்டுச் சேவையை ஒரு கடிதத்தால் இழந்துவிட்டுப் பின்னர் ஓய்வூதியத்தை எண்ணி ஏங்குவதால் பயனில்லை.

கடைசியாக, "வீட்டில் என்ன சொல்லுகிறார்கள்?" என்றோம். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லையாம்! எமக்குச் சிறிது கோபமே வந்தது. வீட்டுச் செலவை மாதாமாதம் நடத்துபவள் அவளல்லவா? அரிசிக்கு எவ்வளவு, பிள்ளைகளின் வகுப்புக் காசு எவ்வளவு, சீட்டு எப்போது முடியும், காப்பு எந்தக் கடையில் ஈட்டில் இருக்கின்றது என்பதெல்லாம் அவளுக்கன்றோ தெரியும்? வருமானமில்லாமல் எத்தனை மாதம் ஓட்டலாம் என்பதை அவளோடு இருந்து எழுதிவரும்படி அனுப்பினோம்.

இரண்டு கிழமைக்குப்பின் இருவருமாக வந்தார்கள். அப்பியாசக் கொப்பியில் கணக்கு எழுதியவர் மனைவிதான். ஏழு மாதம் என்று முடித்திருந்தார். "பன்னிரண்டாகும்வரை இவர் சனி, ஞாயிறில் மட்டும் வேலை பழகட்டும், சேர், கந்தோரை விடவேண்டாம்" என்றார். கணவர் தலையசைத்தார். இப்போது கிழமை முடிவுகளில் அவர் களுவாஞ்சிக்குடிப் பக்கம் மீன் வாடிகளில் ஐஸ் பெட்டி திருத்தப் போய்வருகின்றார். கொப்பி இன்னும் மனைவியின் கையிலேயே இருக்கின்றது.